லிம்ப் என்றால் நொண்டு

நம் வகுப்பு லீடர் பொய்யன். இதை அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். நம் வாட்ஸ்அப் குழுவில் சொல்லியிருக்கலாம். நம் இங்கிலீஷ் சாருக்கு எடுக்கிற பாராட்டு விழா மலருக்கு ரெண்டு பக்கம் எழுதித் தா என்று அவனே கேட்டதால் மலரிலேயே சொல்கிறேன். மலரின் முதல் பக்கத்தில் அவன் எழுதியிருப்பதைப் படித்தேன். ‘நமது ஆங்கில ஆசிரியர் ஒரு நாளும் பிரம்பைத் தொட்டதில்லை, ஒரு பிள்ளையின் மனமும் நோக விட்டதில்லை’ என்று எழுதியிருக்கிறான். பிரம்பைத் தொடாதது உண்மை. மீதி அத்தனையும் பொய். அது பொய்யென்று அவனுக்கும் தெரியும், படிக்கிற உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நமக்கெல்லாம் ஐம்பதுக்கு மேல் ஆகிவிட்டது. முழங்கால் வலிக்கிறது, சர்க்கரை ஏறுகிறது. இனிமேலும் சின்னப்பிள்ளைகள் மாதிரி சாருக்குப் பயந்துகொண்டு இருக்க என்னால் முடியாது.

அந்த வருஷத்தை நினைத்துப் பாருங்கள். அகதி முகாமில் இடம் போதாமல் மரத்தடியில் எல்லாம் தார்ப்பாய் கட்டிக் குடியிருந்தார்கள். இலங்கையிலிருந்து படகில் ஆட்கள் வந்து இறங்கியபடி இருந்தார்கள். நம் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடினார்கள். பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். ஜன்னலுக்குக் கதவு கிடையாது. காற்றடித்தால் மணல் உள்ளே வந்து நோட்டில் விழும். எழுதிக்கொண்டிருக்கும்போதே ஊதி ஊதி எழுத வேண்டும். கருவாடு காயப்போடுகிற வாடை மத்தியானத்துக்கு மேல் வரும். அந்த வாடை வந்தால் மணியடிக்கப் போகிறார்கள் என்று நமக்குத் தெரியும்.

அந்த வருஷம்தான் இங்கிலீஷ் சார் மதுரைப் பக்கமிருந்து மாற்றலாகி வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் சாக்பீஸ் டப்பா, சிரித்த முகம். முதல் நாளே இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

“பாத்துக்கங்க. பிரம்பு கெடையாது. என் கிளாஸ்ல அடி கெடையாது. சிரிச்சுக்கிட்டே படிக்கணும்.”

நாம் கை தட்டினோம். அதற்கு முன்னால் இருந்தவர் ஸ்கேலைத் திருப்பி விரல் முட்டியில் அடிக்கிறவர். இவர் தெய்வம் மாதிரி தெரிந்தார்.

அவருடைய முறை புதுசு. மாதத்துக்கு இரண்டு எழுத்து. அந்த இரண்டு எழுத்தும் சேர்ந்து வருகிற இங்கிலீஷ் வார்த்தைகளைப் போர்டில் எழுதிப் போடுவார். அர்த்தத்தைப் போர்டில் எழுத மாட்டார். “அர்த்தத்தை எழுதுனா மறந்துருவீங்க. கண்ணால பாக்கணும்” என்பார். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்துவார். அந்தப் பிள்ளைதான் அந்த வார்த்தை. வார்த்தையைச் சொன்னதும் அந்தப் பிள்ளை எழுந்து அர்த்தத்தை நடித்துக் காட்ட வேண்டும். மற்றவர்கள் கோரஸாக அர்த்தத்தைக் கத்த வேண்டும். நல்ல முறைதான். இன்றைக்கும் எனக்கு அந்த வார்த்தைகள் மறக்கவில்லை.

யார் எந்த வார்த்தை என்பதை அவர் எப்படித் தேர்ந்தெடுத்தார் என்பதைத்தான் லீடர் மலரில் எழுதவில்லை.

எம்மும் பீயும் சேர்ந்து வரும் வார்த்தைகளுக்கு அந்த மழைக்காலத்தில் வந்தோம். கழுத்தில் கழலை இருந்த பையன் லம்ப். லம்ப் என்றால் கட்டி. அவன் தலையைப் பின்னால் சாய்த்துக் கழுத்தைக் காட்ட வேண்டும். காலையில் கரைவலை இழுக்கிற இடத்தில் அப்பனுக்குக் கை கொடுத்துவிட்டு ஈர டவுசரோடு வருகிற பையன் டேம்ப். டேம்ப் என்றால் நசநசவென்று ஈரம். மீனுக்கு வீசுகிற தோட்டா வெடித்து இரண்டு விரல் போனவன் ஸ்டம்ப். வெட்டிய மரத்தின் அடிக்கட்டை. அவன் கையைத் தூக்கிக் காட்டுவான். கீழக்கரையிலிருந்து நம் ஊரில் மாமி வீட்டில் தங்கிப் படித்த பிள்ளை பிளம்ப். கொழுகொழு என்று இருப்பது. அவள் எழுந்து ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அவளுடைய வாப்பா சவூதியிலிருந்து அனுப்பிய மணக்கிற ரப்பரை நமக்கெல்லாம் வெட்டிக் கொடுப்பாளே, அவள்தான்.

நான் சிம்ப். மனிதக்குரங்கு. என் நிறத்துக்கும் காதுக்கும் சார் கொடுத்தது. வார்த்தையைச் சொன்னதும் எழுந்து விலாவைச் சொறிந்து பல்லைக் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பீர்கள். எனக்கு அது பிடித்தும் இருந்தது. வீட்டில் யாரும் என்னைப் பார்த்துச் சிரித்ததுகூட இல்லை.

லீடருக்கு என்ன வார்த்தை, ஞாபகம் இருக்கிறதா? சாம்ப். வெற்றி வீரன். பிரசிடென்ட் மகனுக்கு வேறு என்ன கொடுப்பார்?

யாரும் அழவில்லை. அதைத்தான் இப்போது எல்லோரும் பெருமையாகச் சொல்கிறீர்கள். அழுதால் சார், “ஏலே, ஜோக்கு கூடப் புரியாதா? அடிச்சேனா உன்னய?” என்பார். அடிக்கவில்லையே என்று நாமும் வாயை மூடிக்கொண்டோம். பிரம்பால் அடித்திருந்தால் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கலாம். என்னைக் குரங்கு என்கிறார் என்று என் அய்யாவிடம் போய்ச் சொன்னால், “சரியாத்தானே சொல்லிருக்காரு” என்று அவரும் சிரிப்பார்.

முகாமிலிருந்து வந்தவர்களில் ஒருத்தி பெண்பிள்ளைகள் வரிசையில் என் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுக்கு முதலில் கொடுத்த வார்த்தை கேம்ப். வார்த்தையைச் சொன்னதும் எழுந்து நிற்பாள். நடிக்க ஒன்றும் இல்லை. நாம் ‘முகாம்’ என்று கத்துவோம். உட்கார்ந்துவிடுவாள்.

அவளுக்கு இடது கால் குட்டை. படகில் ஏறும்போது விழுந்து எலும்பு முறிந்து, இங்கே வந்து சேர்ந்து கட்டுப் போடுவதற்குள் கோணலாகச் சேர்ந்துவிட்டது. முகாமுக்கு வந்துபோய்க்கொண்டிருந்த ஒரு டாக்டர் அவளுக்குத் தோல் பூட்ஸ் செய்து வரவழைத்துக் கொடுத்திருந்தார். கருப்பு பூட்ஸ், முட்டிக்குக் கீழே வரைக்கும் கயிறு. இடது பூட்ஸுக்கு அடிப்பாகம் மூன்று விரல்கடை தடிப்பு. அதைப் போட்டுக்கொண்டால் அவள் நேராக நடப்பாள். ஒரு கால் மட்டும் டொக் டொக் என்று கேட்கும், அவ்வளவுதான். நம் வகுப்பில் பாதிப் பேருக்குச் செருப்பே கிடையாது. அவள் அதற்குத் தினமும் தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளவென்று வைத்திருப்பாள். எனக்கு அந்த பூட்ஸ் மேல் பொறாமை. ஒரு நாள் கேட்டேன்.

“ஒரே ஒரு தடவ போட்டுப் பாக்கட்டா?”

“உனக்கு இது சரிவராது. ஒரு கால் உயர்ந்து நீ விழுந்திடுவாய்” என்று சிரித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, வலது கால் பூட்ஸை மட்டும் கழற்றிக் கொடுத்தாள். போட்டுப் பார்த்தேன். உள்ளே சூடாக இருந்தது.

அவளுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். அங்கே நல்ல பள்ளிக்கூடத்தில் படித்தவள். அதுதான் அவளுக்கு வினை.

ஒரு நாள் சார், “எம்-பி வார்த்தை இன்னும் யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்ற தைரியத்தில் கேட்டது. அவள் எழுந்தாள்.

“சேர், கன்டெம்ப்ட் எண்டும் ஒரு சொல் இருக்கு.”

“அர்த்தம் என்ன?”

“ஆக்களைக் கேவலமாப் பாக்கிறது, சேர்.”

“நடிச்சுக் காட்டு பாப்போம்.”

“நான் காட்டத் தேவையில்ல, சேர்” என்றாள்.

பதினோரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நாம். நமக்கு ஒன்றும் புரியவில்லை. சாருக்குப் புரிந்தது. சிரித்த முகம் சிரித்தபடியே இருந்தது. சாக்பீஸை டப்பாவில் போட்டு மூடினார்.

“கேம்ப் ரொம்ப ஈஸி. அது யாரு வேணாலும் செய்யலாம். உனக்குன்னே ஒரு வார்த்தை இருக்கு. லிம்ப். லிம்ப்னா நொண்டு. எல்லாரும் சொல்லுங்க.”

சொன்னோம். அந்தக் காற்று வாங்குகிற ஓட்டுக் கட்டடம் அதிரும்படி சொன்னோம்.

வார்த்தைப் பட்டியல் எழுதி வைக்கிற நீள நோட்டு என்னிடம்தான் இருந்தது. என் கையெழுத்து அழகு. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவள் என்னிடம் வந்தாள்.

“எனக்கு வேற சொல்லு தா. எம்ப்டி எண்டு போடு. காலிப் பெட்டி மாதிரி நான் நிண்டு காட்டுறன். கேம்ப் எண்டாலும் பரவாயில்ல.”

“சார் கேப்பாரு.”

“நீ கேட்டுப் பார். உன்னில அவருக்கு விருப்பம்தானே.”

நான் கேட்கவில்லை. கேட்டேன் என்றும் அவர் முடியாது என்றார் என்றும் அவளிடம் சொன்னேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இத்தனை வருஷமாக யோசித்திருக்கிறேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. வகுப்பில் என்னை விடக் கேவலமான வார்த்தை ஒருத்திக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்.

வார்த்தையைக் கொடுத்துவிட்டாரே தவிர, அவள் நடித்துக் காட்டவில்லை. லிம்ப் என்று கூப்பிட்டதும் எழுந்து போர்டு வரைக்கும் நடப்பாள். டொக், டொக், டொக். நேரான நடை. சார் இரண்டு நாள் பொறுத்தார்.

“பூட்ஸக் கழட்டிட்டு நட.”

“டொக்டர் கழட்ட வேண்டாமெண்டவர், சேர்.”

“ஏலே, இவ டாக்டர் பேச்சத்தான் கேப்பாளாம்டோய்” என்றான் லீடர். வகுப்பு சிரித்தது. பிளம்ப் மட்டும், “பாவம்ல, விடுங்களேன்” என்றாள். “நீ போயி பிஸ்கட்டுத் தின்னு” என்றான் லீடர். அதற்கும் சிரித்தோம்.

கல்வி அதிகாரி பள்ளிக்கூடத்தைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்தது. சாருடைய முறையைப் பற்றிக் கேள்விப்பட்டு வருகிறாராம். பத்து நாள் ஒத்திகை. வராண்டாதான் மேடை. ஒரு தூணிலிருந்து வந்து, நடுவில் நடித்துக் காட்டி, இன்னொரு தூணுக்குப் போய்விட வேண்டும். சாணி மெழுகி, கோலம் போட்டு, வாழை கட்டி, அதிகாரிக்கு இளநீர் வாங்கி வைத்தார்கள்.

அன்றைக்குக் காலையில் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“உன் பக்கத்துல இருக்காளே, அவ பூட்ஸ எப்பிடியாச்சும் கழட்ட வச்சிரு. நீ சொன்னா கேப்பா. கழட்டுனதும் லீடர்ட்ட குடுத்து வை. நிகழ்ச்சி முடிஞ்சதும் குடுத்துருவோம்.”

“சரி சார்.”

யோசிக்கக்கூட இல்லை. நேரே போய் அவளிடம், “கோலம் போட்டுருக்குல்ல, வராண்டாவுல யாரும் செருப்பு பூட்ஸ் போடக்கூடாதாம். ஹெட்மாஸ்டர் சொல்லிட்டாரு. நான் பத்திரமா வச்சிருக்கேன், குடு” என்றேன். அவள் கோலத்தைப் பார்த்தாள். எல்லாருடைய வெறுங்காலையும் பார்த்தாள். நம்பிவிட்டாள். கீழே உட்கார்ந்து கயிற்றை ஒவ்வொரு ஓட்டையாக உருவினாள். இரண்டு பூட்ஸையும் கயிற்றால் ஒன்றாக முடிந்து என் கையில் கொடுத்தாள்.

“கவனம். கீழ வைக்காத, உள்ளுக்க மண் போயிடும்.”

நான் கொண்டுபோய் லீடர் கையில் கொடுத்தேன்.

நிகழ்ச்சி ஆரம்பித்தது. லேம்ப், ஜம்ப், பம்ப். அதிகாரி தலையாட்டி ரசித்தார். லம்ப் கழுத்தைக் காட்டினான். ஸ்டம்ப் கையைத் தூக்கினான். நான் சொறிந்தேன். அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். சார் ஒவ்வொரு வார்த்தைக்கும் பெருமையோடு அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“லிம்ப்!”

அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். பாவாடையை இடுப்பில் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டாள். கணுக்கால் மறைந்தது. தூணை விட்டாள். நடந்தாள்.

நேராக நடந்தாள்.

நான் பக்கத்தில் நின்றதால் பார்த்தேன். இடது குதிகால் தரையில் படவே இல்லை. விரல் நுனியில் ஊன்றி நடந்தாள். விரல்கள் நசுங்கி வெளுத்திருந்தன. மேல் உதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நடுவில் நின்று அதிகாரிக்கு வணக்கம் சொல்லிவிட்டு மறுபடி நடந்து அடுத்த தூணுக்குப் போய்ச் சேர்ந்தாள். நாம் ‘நொண்டு’ என்று கத்த வேண்டும். பாதிப் பேர் கத்தினோம். பாதிப் பேர் முழித்தோம்.

“இது என்ன வேர்டு?” என்று கேட்டார் அதிகாரி.

“லிம்ப் சார். நொண்டுறது.”

“இந்தப் புள்ள நல்லாத்தானேய்யா நடக்குது? ஒங்க மெத்தட் இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் வேல செய்யலயோ?”

எல்லோரும் சிரித்தார்கள். ஹெட்மாஸ்டரும் சிரித்தார். சாரும் சிரித்தார். அவருடைய காது மடல் மட்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது. சாரைப் பார்த்து மற்றவர்கள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அதிகாரியின் ஜீப் போனதும் நான் பின்னால் ஓடினேன். உப்புக் கிணறு இருந்ததே, யாரும் குடிக்காத கிணறு, அதன் பக்கத்தில் உடைமர நிழலில் லீடர் பூட்ஸைக் கயிற்றில் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டு நின்றான். சார் அந்தப் பக்கமாக வந்தார்.

“சார், பூட்ஸ அவள்ட்ட குடுத்துரவா?” என்று லீடர் கேட்டான்.

சார் பூட்ஸைப் பார்த்தார்.

“எதுக்கு? அதான் நல்லா நடக்குறாளே. இனி அவளுக்கு எதுக்கு அது?”

இதுதான் அவர் சொன்னது. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டார். லீடர் என்னைப் பார்த்துச் சிரித்தான். கயிற்றைப் பிடித்து மூன்று சுற்றுச் சுற்றினான். விட்டான். கிணற்றில் விழுந்த சத்தம் கேட்டது. எட்டிப் பார்ப்பதற்குள் முழுகிவிட்டது.

“ஏலே, என்னலே பண்ணிட்ட?”

“சார்தான வேணாம்னாரு.”

“கெணத்துல போடச் சொன்னாரா?”

“போடாதன்னு சொன்னாரா? பெருசா வந்துட்டா. வாயத் தொறந்த, நீதான் கழட்டிக் கொண்டாந்து குடுத்தன்னு சொல்லிருவேன்.”

கொஞ்ச நேரத்தில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

“என்ர சப்பாத்து எங்க?”

“லீடர்ட்ட குடுத்தேன்” என்றேன்.

“நான் பாக்கவே இல்ல” என்றான் லீடர்.

அவள் ஒவ்வொரு வகுப்பாகத் தேடினாள். பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். மணி அடித்தது. அவளுக்கு இனி விரல் நுனியில் நடக்கத் தெம்பில்லை. கால் மடங்கி மடங்கித்தான் கேட்டுக்குப் போனாள். அப்போது நாம் என்ன செய்தோம்? மறந்துவிட்டோமா? ரோடு வரைக்கும் அவள் பின்னாலேயே போனோம். ஒவ்வொரு அடிக்கும் லிம்ப், நொண்டு, லிம்ப், நொண்டு என்று வகுப்பில் கத்துகிற மாதிரியே கத்திக்கொண்டு போனோம். இப்போது குழுவில் ‘நம் பொற்காலம்’ என்று படம் போடுகிறவர்கள் எல்லோரும் அதில் இருந்தீர்கள். நானும் இருந்தேன். என் தொண்டை கொஞ்சம் பெரிசு.

மறுநாள் காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு அவளுடைய அம்மா வந்தார். ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனார்கள். பிறகு எல்லோருமாக நம் வகுப்புக்கு வந்தார்கள். அம்மாவுக்கு ஒட்டிப்போன கன்னம். புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார்.

“சேர், அந்தச் சப்பாத்து இல்லாட்டி பிள்ளையின்ர கால் வளைஞ்சு போகும் எண்டு டொக்டர் சொன்னவர். ஆராவது எடுத்திருந்தா தரச் சொல்லுங்கோ.”

நம் சார் ஹெட்மாஸ்டரைப் பார்த்துச் சொன்னார்.

“கேம்ப்ல குடுக்குற போர்வைய வித்துத் திங்கிற ஆளுங்க சார். பூட்ஸுக்கு நல்ல வெல கெடைக்கும். பிள்ளைய விசாரிக்கச் சொல்லுங்க, எந்தக் கடையில குடுத்தான்னு.”

ஹெட்மாஸ்டர் வகுப்பைப் பார்த்துக் கேட்டார். லீடர் எழுந்தான்.

“சார், நேத்து சாயங்காலம் சந்தைப் பக்கம் பாத்தேன் சார். கையில ஏதோ பொட்டலம் வச்சிருந்தா.”

ஹெட்மாஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

“நீதானே பக்கத்துல உக்காருறவ. உனக்குத் தெரியுமா?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் உண்மையைச் சொல்வேன் என்று நம்புகிற முகம். கோலத்தைப் பார்த்துவிட்டு என்னை நம்பினாளே, அதே முகம்.

“தெரியாது சார்.”

அம்மா அவளை அங்கேயே அடித்தார். கன்னத்தில், முதுகில், தலையில். தலைப்பு அவிழ்ந்து விழுந்தது. அவள் தடுக்கவில்லை. “நான் விக்கேல்ல அம்மா. நான் விக்கேல்ல” என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள். சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிள்ளைகளை அடிப்பதை விரும்பாத சார், ஒரு தடவைகூட அடிக்காதீங்க என்று சொல்லவில்லை.

சாயங்காலம் வீட்டில் அய்யாவிடம் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

“அவங்க இன்னைக்கு இங்கன இருப்பாங்க, நாளைக்குக் கெளம்பிருவாங்க. ஒனக்கு மார்க் போடுறது யாரு, சாரா, அவளா? வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு.”

அய்யா கெட்டவர் இல்லை. அவருக்கு அப்படித்தான் பிழைக்கத் தெரியும். எனக்கும் அப்படியே பிழைக்கக் கற்றுக்கொடுத்தார்.

அவள் அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. கொடுத்ததை விற்றுவிட்டாள் என்று பெயர் ஆனதால் அவளுக்கு மறுபடி பூட்ஸ் கிடைக்கவில்லை என்று முகாமிலிருந்து வந்த மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள். கொஞ்ச நாளில் அவள் குடும்பத்தை வேறு முகாமுக்கு ஏற்றி அனுப்பினார்கள். நீள நோட்டில் அவள் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டேன். அழகாக, ஸ்கேல் வைத்து. லிம்ப்பை வேறு ஒருத்திக்குக் கொடுத்தார் சார். அவள் நன்றாக நொண்டிக் காட்டினாள்.

இது நடந்து முடிந்த கதை என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

நம் லீடர் போன மாதம் குழுவில் போட்ட செய்தியை எல்லோரும் பார்த்தீர்கள். ‘ஃப்ரெண்ட்ஸ், லிம்ப் கெடச்சுட்டா! நம்பர் புடிச்சுட்டேன்! விழாவுக்கு வர்றா!’ அதற்குக் கீழே நாற்பது பேர் கை தட்டினீர்கள். மேடையில் சாரை நடுவில் உட்கார வைத்து, நாம் எல்லோரும் அவரவர் வார்த்தையை அச்சடித்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அதே மாதிரி வரிசையாக நடந்து காட்ட வேண்டுமாம். வீடியோ எடுப்பார்களாம். அட்டை எல்லாம் தயார். லிம்ப் அட்டையும் தயார். படம் போட்டிருக்கிறான்.

அவளைக் குழுவில் சேர்த்தான். மூன்றாம் நாள் அவளுடைய குரல் செய்தி வந்தது. எத்தனை பேர் கேட்டீர்கள் என்று தெரியாது. கேட்காதவர்களுக்காக அப்படியே எழுதுகிறேன்.

“எல்லாருக்கும் வணக்கம். நான் வாறதில ஒண்டுமில்ல. அட்டை பிடிக்கிறதிலயும் ஒண்டுமில்ல. இப்ப தடியோடதான் நடக்கிறன், நடிக்கத் தேவையில்ல. அம்மா போன வருசம் செத்துப்போனா. சாகுமட்டும் அந்தச் சப்பாத்த நான்தான் வித்தனான் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தவ. சாகிறதுக்கு முதல் நாளும் கேட்டவ, ‘வித்த காச என்ன செய்தனி?’ எண்டு. நான் விக்கேல்ல எண்டு தெரிஞ்ச ஆக்கள் உங்களுக்குள்ள இருக்கினம். ஒராளாவது சொல்லுங்கோ. சொன்னா வாறன்.”

இதற்கு என்ன பதில் போட்டோம்? ஒருத்தன் கும்பிடுகிற கை போட்டான். ஒருத்தி ‘பழசெல்லாம் எதுக்கும்மா, சந்தோஷமா வா’ என்றாள். இன்னொருத்தன் ‘பிரியாணி இருக்கு, மிஸ் பண்ணிராத’ என்றான். லீடர் உடனே சாருடைய பழைய படம் ஒன்றைப் போட்டுப் பேச்சை மாற்றினான். பிளம்ப் மட்டும் எனக்குத் தனியாகப் போன் செய்தாள். “நீ அவ பக்கத்துலதானே இருந்த? உனக்குத் தெரியும்ல? அல்லாவுக்குப் பயந்து சொல்லு” என்றாள். அன்றைக்கு நான் அவளிடமும் தெரியாது என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அத்தனை பழக்கம்.

இப்போது சொல்கிறேன். அவள் விற்கவில்லை. பொய் சொல்லி அவள் காலிலிருந்து பூட்ஸைக் கழற்ற வைத்தது நான். கிணற்றில் வீசியது லீடர். என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தெரியாது என்று சொன்னேன். இதை அவளுக்கு நேற்றே குரல் செய்தியாக அனுப்பிவிட்டேன். கேட்டுவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடு காட்டுகிறது. பதில் வரவில்லை. வர வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

என் பங்கு முடிந்தது. மீதி இரண்டு பேர் பங்கு இருக்கிறது. சாருக்கு எண்பது தாண்டிவிட்டது, இந்த வயதில் அவரைக் கேட்கலாமா என்று யாராவது ஆரம்பிப்பீர்கள். மாலை வாங்கிக்கொள்ளக் கழுத்து நிமிர்கிறதல்லவா? அப்படியென்றால் பதில் சொல்ல நாக்கும் வரும்.

லீடரே, இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மலரை அடிக்கலாம் என்று நினைக்காதே. இதைப் படம் பிடித்து, நாம் இருக்கிற எல்லாக் குழுவிலும் போட்டுவிட்டுத்தான் உனக்கு அனுப்புகிறேன். விழா அன்று முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அட்டை மாட்ட மாட்டேன். மாலை போடுவதற்கு முன்னால் உனக்கும் சாருக்கும் மைக் வரும். அதை அவள் போனில் கேட்கிற மாதிரி பிளம்ப் ஏற்பாடு செய்திருக்கிறாள்.

லீடரே, பூட்ஸைக் கிணற்றில் போட்டது நீயா, இல்லையா? சந்தையில் அவளைப் பார்த்தேன் என்று நீ சொன்னது உண்மையா, பொய்யா?

சார், ‘இனி அவளுக்கு எதுக்கு அது’ என்று நீங்கள் சொன்னீர்களா, இல்லையா? பூட்ஸ் லீடர் கையில் இருந்தது என்று தெரிந்தே அவளுடைய அம்மா முன்னால் அவள் விற்றுவிட்டாள் என்று சொன்னீர்களா? எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மைக்கில் பதில் சொல்லுங்கள்.